பிரிட்ஜ் கோர்ஸ் படித்தால் பொறியியல் முதலாண்டில் உண்மையிலேயே பலன் உண்டா?

உண்டு, அதுவும் தொடக்கத்திலேயே. பிளஸ் டூ முடித்து வருபவர்களுக்கு, முதல் செமஸ்டர் பாடங்கள் வேகமெடுக்கும் முன் கல்லூரி சில வாரங்கள் நடத்தும் அடிப்படை வகுப்புகள்தான் பிரிட்ஜ் கோர்ஸ். கணிதம், இயற்பியல், ஆங்கிலம் பெரும்பாலும் இருக்கும்.

ஏன் தேவை? மனித மூளை ஒரே நேரத்தில் சில விஷயங்களைத்தான் பிடித்து வைத்திருக்கும். தமிழ்வழியில் படித்தவருக்கு அணிக்கோவை நன்றாகவே போடத் தெரியும். ஆனால் பேராசிரியர் அதையே ஆங்கிலத்தில் "டிடெர்மினன்ட்" என்றதும், அது எது என்று யோசித்து முடிப்பதற்குள் போர்டில் அடுத்த இரண்டு வரி ஓடிவிடும். திறமை இருந்தும் இன்டர்னலில், அதாவது கல்லூரியே நடத்தும் உள்தேர்வில், மதிப்பெண் குறையும். அந்தப் பாடத்தில் தேறாமல் அது அரியராக மாறினால், அடுத்த செமஸ்டர் பாடத்தோடு பழைய பாடத்தையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். இந்தச் சங்கிலி தொடங்கும் முன்பே அறுப்பதுதான் முக்கியம். ஊற வைக்காத உளுந்தைக் கிரைண்டரில் போட்டால் எவ்வளவு நேரம் ஓட்டினாலும் மாவு பொங்காதே, அடிப்படை தயாராகாமல் பாடத்தில் இறங்குவதும் அப்படித்தான்.

2021 முதல் தமிழக அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியல் சேர்க்கையில் 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. சீட் கிடைத்தவர்கள் பட்டத்தோடு வெளியே வர, இந்த வகுப்புகளைக் கல்லூரிகள் பெயருக்கு நடத்தக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

"சரியாகப் படிக்காதவர்களுக்கான வகுப்பு" என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். அது தவறு, பள்ளியில் நல்ல மதிப்பெண் வாங்கியவருக்கும் மொழியும் வேகமும் ஒரே நாளில் மாறும்போது இது தேவைப்படும்.