ஒருமுறை பார்த்த ஐரோப்பிய நகரத்துக்கே மறுபடி விடுமுறைக்குப் போவது வீண் செலவா?

அதே காசுக்குப் புது ஊர் ஒன்றைப் பார்க்கலாமே என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வீட்டிலும் இதே கேள்வி வந்தது. நானும் மனைவியும் 2018 மே மாதம் செக் நாட்டின் தலைநகர் பிராக் போனோம். 2023 அக்டோபரில் மறுபடியும் பிராக். "ஏன்ணா, போன தடவை அங்க எதையாவது மறந்து வெச்சுட்டு வந்துட்டியா?" என்றான் தம்பி.

ஒரு வகையில் ஆமாம். முதல் தடவை ஒரே வாரத்தில் மூன்று நாடு. அதில் பிராக்குக்குக் கிடைத்தது ஒன்றரை நாள். பழைய நகரச் சதுக்கத்தில், 1410-இல் செய்த வானியல் கடிகாரத்தைப் பார்க்க ஆசை ஆசையாகப் போய் நின்றால், கடிகாரம் இல்லை. பழுது பார்க்கக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் எல்ஈடி திரை ஒன்றை மாட்டி அதில் கடிகாரத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஏழாயிரம் கிலோமீட்டர் பறந்து போய் டிவி பார்த்த ஆட்கள் நாங்கள்தான். போதாக்குறைக்கு, சதுக்கத்துக்குப் பக்கத்தில் 'கமிஷன் கிடையாது' என்று எழுதியிருந்த ஒரு கடையில் யூரோவைக் கொடுத்து, செக் பணமான கொருனா வாங்கி நன்றாக ஏமாந்தோம். (2019-இலிருந்து சட்டம் மாறிவிட்டது. கடையில் மாற்றிய பணத்தை, 1000 யூரோ வரைக்கும், மூன்று மணி நேரத்துக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம். ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள்.)

சார்லஸ் பாலத்தில் நெபோமுக் புனிதரின் வெண்கலச் சிலை இருக்கிறது. 1393-இல் அவரை ஆற்றில் தள்ளிய கதையைச் சிலைக்கு அடியில் உள்ள தகட்டில் செதுக்கியிருக்கிறார்கள். அதைத் தொட்டால் மறுபடி பிராக் வருவீர்கள் என்று நம்பிக்கை. கை பட்டுப் பட்டு அந்த இடம் மட்டும் பொன்போல மின்னும். மனைவி வரிசையில் நின்று தொட்டாள். நான் நேரமாகிவிட்டது என்று அவசரப்படுத்தினேன்.

இரண்டாவது தடவை வேறு ஊருக்கே போகவில்லை, ஏழு நாளும் பிராக்தான். கோட்டைக்கு 22-ஆம் எண் டிராமில் போனோம், முதல் தடவை ஓடி ஓடிப் பார்த்த விட்டஸ் தேவாலயத்தை நிதானமாகச் சுற்றினோம். 1344-இல் தொடங்கி 1929-இல்தான் கட்டி முடித்தார்களாம். சார்லஸ் பாலத்துக்கு விடியற்காலையில் போய்விடுங்கள். பத்து மணிக்கு மேல் அது பாலமில்லை, ரங்கநாதன் தெரு. தெருவுக்குத் தெரு 'பாரம்பரிய பலகாரம்' என்று சுருட்டிச் சுட்டு விற்கும் டிரடெல்னிக்கைச் சாப்பிடுங்கள், ருசிதான். ஆனால் அது பிராக்கின் பாரம்பரியம் இல்லை, சுற்றுலாக்காரர்களுக்காகப் பெருகிய சரக்கு.

அப்புறம் கடிகாரம். இந்தத் தடவை இருந்தது. மணிக்கொரு முறை எலும்புக்கூட்டுப் பொம்மை மணிக்கயிற்றை இழுக்கும், மேலே இயேசுவின் அப்போஸ்தலர்கள் பொம்மைகளாக வரிசையாக வந்து போவார்கள், கடைசியில் சேவல் கூவும். ஒரு நிமிடம்கூட ஆகாது. உண்மையைச் சொன்னால், இதற்கா இவ்வளவு கூட்டம் என்றிருந்தது. கூட்டம் கலைந்த பிறகு நின்று பார்த்தால்தான் விஷயமே. வெளிவட்டத்தில் 24 வரை எண்கள் இருக்கின்றன, அது பழைய பொஹீமிய (செக்) நேரம். நம் பஞ்சாங்கத்தில் நாள் சூரிய உதயத்தில் தொடங்கும், அவர்களுக்கு அஸ்தமனத்தில். பொழுது சாயும் நேரம் நாளுக்கு நாள் மாறுவதால் அந்த வட்டமும் கூடவே நகர்ந்துகொண்டிருக்கும்.

ஆனால் நான் இரண்டாவது தடவை போனதற்குப் பலன் கிடைத்தது அதே சதுக்கத்தின் தரையில். கல் பாவிய தரையில் ஒரு பித்தளைப் பட்டை ஓடுகிறது. 2018-இல் அதை மிதித்துக்கொண்டுதான் போயிருப்போம். அதற்குத் தெற்கே 1650-இல் ஒரு மரியன்னைத் தூண் நட்டிருக்கிறார்கள். உச்சிப்பொழுதில் அதன் நிழல் விழும் கோடுதான் பிராக்கின் தீர்க்கரேகை, ஊரின் நேரத்தை அதை வைத்துத்தான் சரிபார்த்தார்கள். 1918 அக்டோபர் 28-இல் செக்கோஸ்லோவாக்கியா பிறந்தது. ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதுவரை ஆண்ட ஆஸ்திரிய ஹாப்ஸ்பர்க் வம்சத்தின் சின்னம் என்று ஒரு கூட்டம் தூணை இழுத்துச் சாய்த்துவிட்டது. நாங்கள் முதலில் போனபோது கோடு மட்டும்தான் இருந்தது. 2020-இல் அதே இடத்தில் தூணின் நகலை நிறுத்தியிருக்கிறார்கள்.

நிழலைப் பார்க்க முதல் நாள் போனோம், மேகம். இரண்டாம் நாள் தூறல். மூன்றாம் நாளும் மேகம். ஒன்றரை நாள் பயணமாக இருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். நான்காம் நாள் பளிச்சென்று வெயில். பட்டைக்கு மேற்கே கிடந்த நிழல், கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் நகர்ந்து வந்து, ஒரு மணிக்குக் கொஞ்சம் முன்னால் பித்தளை மேல் ஏறியது. பக்கத்தில் யாரும் நிற்கவில்லை, எல்லாரும் ஒரு மணிச் சேவலைப் பார்க்கக் கடிகாரத்தடியில் இடம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். "சேவல் கூவப் போகுதே, போகலாமா?" என்றேன். "நீங்க போங்க," என்றாள் மனைவி.

நீங்கள் போவதானால், கோடைக்கால நேரம் ஓடும் மாதங்களில் ஒரு மணியை ஒட்டிப் போங்கள், குளிர்காலத்தில் பன்னிரண்டை ஒட்டி.