இரவு இரண்டு மணிக்கு அம்மா ஏன் நடக்கிறார்?

கேள்வி: 74 வயதான என் அம்மா வெள்ளவத்தைத் தொடர்மாடியில் தனியே இருக்கிறார். பிரஷருக்கும் சீனிக்கும் குளிசை எடுக்கிறார். டொரொண்டோவில் இருக்கும் அண்ணா ஸ்மார்ட் வாட்ச் வாங்கி அனுப்பினார். அம்மாவின் நடை, இதயத் துடிப்பு, நித்திரை எல்லாம் எங்கள் இருவரின் போனுக்கும் வரும். தினமும் 10,000 அடி நடக்க வேண்டும் என்று அண்ணா நிற்கிறார். அம்மாவோ "என்னை உளவு பார்க்கிறீர்களா?" என்று பகலில் கழற்றிச் சாமியறையில் வைத்துவிடுகிறார், நான் நினைவூட்டினால் இரவில் மட்டும் கட்டுகிறார். வாட்ச்சும் பழுதுபோல, கிட்டத்தட்ட ஒவ்வொரு இரவும் இரண்டு, மூன்று மணிக்கு நடந்ததாகக் காட்டுகிறது. மாற்றவேண்டும். பகலிலும் கட்டவைப்பது எப்படி?
– தெஹிவளை வாசகி

பதில்: கட்டவைப்பதை விடுங்கள், பிள்ளை. வாட்ச் பழுது என்று போகிறபோக்கில் எழுதினீர்களே, அது பழுது என்று யார் சொன்னது? அம்மாவிடம் கேட்டீர்களா? கேட்டதாக ஒரு சொல்லும் கடிதத்தில் இல்லை.

இந்த வாட்ச்சுகள் பிழைவிடுவது உண்மை. மணிக்கட்டின் அசைவை வைத்துத்தான் அடிகளை எண்ணுகின்றன. தேங்காய் திருவினால் நடையாகச் சேரலாம். சுவரைப் பிடித்து மெல்ல நடந்தால் எண்ணாமல் விடலாம். ஆனால் நித்திரையில் கிடப்பவரின் கை ஒவ்வொரு இரவும் அதே நேரத்தில் நடை காட்டாது. உங்கள் அம்மா எழும்பி நடக்கிறார். இருட்டில், தனியே.

சீனி கூடினால் இரவில் அடிக்கடி சலம் போகும். பிரஷருக்குக் கொடுப்பவற்றில் சலத்தைக் கூட்டும் குளிசையும் உண்டு. அதைப் பின்னேரம் போட்டால் இரவில் எழும்பத்தான் வேண்டும். படுக்கையிலிருந்து சட்டென எழும்பினால் பிரஷர் இறங்கித் தலை சுற்றும். அடுத்து ஈரமான குளியலறைத் தரை. இவை எதுவுமில்லாமல் நித்திரையே வராமல் நடக்கிறாரோ? மனக்கவலையாக இருக்கலாம், மறதி வருத்தத்தின் தொடக்கமாகவும் இருக்கலாம். எது என்று வாட்ச் சொல்லாது. அம்மாதான் சொல்லவேண்டும், சொல்வதைக் கேட்க நீங்கள் பக்கத்தில் இருக்கவேண்டும்.

தெஹிவளையிலிருந்து வெள்ளவத்தைக்கு 100ஆம் இலக்க பஸ்ஸில் எவ்வளவு நேரம்? இந்த வெள்ளிக்கிழமை போய் அங்கேயே படுங்கள். இரண்டு மூன்று இரவு நில்லுங்கள். இவ்வளவு கிட்ட இருந்துகொண்டு பெற்ற தாயைப் போனில் பார்ப்பதைப் பராமரிப்பு என்று நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ளமாட்டேன். எத்தனையோ வீடுகளில் இதே கதைதான்: வெளிநாட்டிலிருந்து காசும் கருவியும் வரும், கொழும்பில் இருப்பவர் அதைக் கட்டச்சொல்லிச் சண்டை பிடிப்பார், தாயிடம் மட்டும் எவரும் எதுவும் கேட்பதில்லை.

உளவா என்று அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. அவருடைய உடம்பைப் பற்றிய தகவல் யாருக்குப் போகவேண்டும் என்பதை அவர்தான் முடிவெடுக்கவேண்டும். எல்லாவற்றையும் அவருடைய போனிலும் திறந்து காட்டுங்கள். பகலில் கழற்றினால் கழற்றட்டும். இரவில் கட்டச் சம்மதித்தால் அதுவே போதும். விழுந்தால் அறிவிக்கும் வசதி அதில் இருந்தாலும் முழுதாக நம்பாதீர்கள். பலமாக விழுவதைக் கண்டுபிடிக்கும், சுவரில் சாய்ந்து மெல்லச் சரிவதைத் தவறவிடலாம். கட்டிலிலிருந்து குளியலறைவரை சிறு லைட், பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, போனுக்குப் பக்கத்தில் 1990 அம்புலன்ஸ் இலக்கம் பெரிய எழுத்தில் – இவற்றை இந்தக் கிழமையே செய்யுங்கள்.

அண்ணாவின் 10,000 அடி வைத்தியர்கள் வகுத்த அளவல்ல. 1965இல் ஜப்பானில் அடி எண்ணும் கருவியொன்றை விற்கப் பிரபலமாக்கிய எண். அமெரிக்காவில் சராசரி 72 வயதுப் பெண்களிடம் செய்து 2019இல் வெளியான ஆய்வில், நாளுக்கு 4,400 அடியளவு நடந்தவர்களுக்கே, 2,700 அளவில் நடந்தவர்களைவிட மரண ஆபத்துக் கணிசமாகக் குறைவாக இருந்தது. அந்தச் சண்டையை இன்றே நிறுத்துங்கள்.

எந்தக் குளிசையை எத்தனை மணிக்கு எடுக்கிறார் என்று குறித்து, அந்த இரவுப் பதிவுகளையும் கொண்டு அம்மாவோடு டொக்டரிடம் போங்கள். நீங்களாக எதையும் நிறுத்தவோ நேரம் மாற்றவோ வேண்டாம். அண்ணாவுக்கும் வேலை இருக்கிறது. இங்கே இரவு இரண்டரை மணி என்றால் டொரொண்டோவில் பின்னேரம். அம்மா எழும்பி நடக்கும் வேளையில் அவர் விழித்துத்தான் இருக்கிறார். "ஏனம்மா நித்திரை கொள்ளவில்லை?" என்று அடுத்த நாளாவது எடுத்துக் கேட்டிருக்கலாம். இனிமேலாவது கேட்கச் சொல்லுங்கள்.