மூன்று ஊசிக்காக எஃப்டியை உடைக்கலாமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 54. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் டெய்லர், சம்பளம் மாதம் 18,000 ரூபாய். மூன்று வருடமாக இடுப்பு வலி. முதுகெலும்பில் ஊசி போடச் சொல்கிறார்கள். ஒரு ஊசி 30,000 ரூபாய், மூன்றுக்கும் சேர்த்து முன்பணம் கட்டினால் 75,000. மகளின் படிப்புக்காகப் போட்ட எஃப்டியை உடைக்கலாமா? மருத்துவக் காப்பீடு எடுத்து ஒன்றரை வருடம் ஆகிறது. அதில் பணம் கிடைக்குமா?

பதில்: எஃப்டியை உடைக்காதீர்கள் அம்மா. 75,000 ரூபாயை மொத்தமாகக் கட்டவும் வேண்டாம்.

ஊசி வேண்டுமா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் மருத்துவ உலகிலேயே இதில் ஒருமித்த கருத்து இல்லை. வெறும் இடுப்பு வலிக்கு முதுகெலும்பு ஊசி கூடாது என்று பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு 2016-லேயே சொல்லிவிட்டது. வலி காலுக்கு இறங்கும் சயாட்டிகா, அதுவும் புதிதாகவும் கடுமையாகவும் வந்திருந்தால் மட்டுமே எபிடூரல் ஊசியை (முதுகுத்தண்டில் நரம்புகளைச் சுற்றியுள்ள இடத்தில் போடுவது) யோசிக்கலாம் என்கிறது. 2025 பிப்ரவரியில் பிஎம்ஜே என்ற மருத்துவ இதழில் வந்த வழிகாட்டுதல் இன்னும் கறாரானது. மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் முதுகுத்தண்டு வலிக்கு, புற்றுநோயோ மூட்டு அழற்சி நோயோ காரணமாக இல்லாவிட்டால், இந்த ஊசிகள் வேண்டாம் என்கிறது. வலி சிகிச்சை மருத்துவர்கள் பலர் இதை ஏற்கவில்லை. இருந்தாலும், முதல் ஊசி கேட்குமா என்று தெரியும் முன்பே மூன்றாவது ஊசிக்கும் பணம் வாங்குவதை என்னால் ஏற்கவே முடியவில்லை. அவருக்குச் சர்க்கரை இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். இந்த ஊசிகளில் பொதுவாக ஸ்டீராய்டு மருந்து இருக்கும், அது சில நாட்களுக்குச் சர்க்கரையை ஏற்றிவிடும்.

காப்பீட்டை நம்பி இறங்க வேண்டாம். பெரும்பாலான பாலிசிகளில் முதுகெலும்புக் கோளாறுகளுக்கு இரண்டு வருடக் காத்திருப்பு உண்டு, அதுவரை அதற்குப் பணம் தர மாட்டார்கள். ஏற்கெனவே இருந்த நோய்க்கு அது மூன்று வருடம் வரை போகலாம். உங்கள் கணவருக்கு வலி வந்த பிறகுதான் பாலிசி எடுத்திருக்கிறீர்கள். "வலி வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது என்று எழுதித் தருகிறோம்" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். பழைய மருந்துச் சீட்டு ஒன்று போதும், க்ளெய்மோடு பாலிசியும் போய்விடும்.

உங்கள் கடிதத்தில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு) பற்றி ஒரு வார்த்தை இல்லை. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, கம்பெனியும் இ.எஸ்.ஐ. வரம்புக்குள் வந்தால் அவருக்கு அது கட்டாயம். சம்பளச் சீட்டில் 0.75 சதவீதம் பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எம்ஆர்ஐ, நிபுணர் ஆலோசனை, பிசியோதெரபி என்று அத்தனையையும் அங்கே கேட்கலாம். பழைய நோய் என்று ஒதுக்க மாட்டார்கள். மருத்துவர் ஓய்வு எழுதிக்கொடுத்து, இ.எஸ்.ஐ.க்குப் பணம் கட்டிய நாட்களும் தேவையான அளவு இருந்தால், வருடத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். பிடித்தமே இல்லையென்றால் கம்பெனியில் கேளுங்கள். அது அவருடைய உரிமை.

அங்கேயும் பார்த்துவிட்டு, ஊசிதான் வழி என்று இரண்டாவது மருத்துவரும் சொன்னால், ஒரே ஒரு ஊசிக்கான 30,000 ரூபாயை மட்டும் எஃப்டி மேல் கடனாக வாங்குங்கள். பொதுவாக எஃப்டி வட்டியைவிட ஒன்று, இரண்டு சதவீதம்தான் கூடுதலாக வரும். அப்புறம் சில வாரம் பொறுத்து, அவரால் மெஷினில் முன்பைவிட அதிக நேரம் உட்கார முடிகிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த ஊசியைப் பற்றிப் பேசுங்கள்.