துக்கம் கேட்பவர்கள்

அன்புள்ள ஐயா,

நீங்கள் சொன்ன பாடகி, கனடாவின் கியூபெக் மாகாணத்து லா போல்டுக்கை யூட்யூபில் கேட்டேன். மூக்கால் பாடுகிறார். மெட்டெல்லாம் ஒன்றுபோல இருக்கிறது. வறுமையிலும் பிள்ளைகளைப் பறிகொடுத்தும் வாழ்ந்தவர் என்று படித்தேன். அந்தத் துயரம் எதுவும் பாட்டில் இல்லையே, வெறும் வேடிக்கைதானே? இவரைப் பெரிய கலைஞர் என்று எப்படிச் சொல்வது?

க.

அன்புள்ள க.,

மூக்கால்தான் பாடுகிறார், அதனால் என்ன? மெட்டுகள் பெரும்பாலும் பழைய ஐரிஷ், பிரெஞ்சு ஆட்ட மெட்டுகள், அப்படித்தான் இருக்கும். விடுங்கள். கடைசிக் கேள்விக்காக யாரிடமாவது சண்டை போட வேண்டும் என்று கொஞ்ச நாளாகவே காத்திருந்தேன். நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள்.

லா போல்டுக்கின் சொந்தப் பெயர் மேரி டிராவர்ஸ். 1894இல் கியூபெக்கின் காஸ்பே கடற்கரையில் நியூபோர்ட்டில் பிறந்தவர். சிறுவயதிலேயே மாண்ட்ரியலுக்கு வீட்டுவேலைக்கு வந்தார். எதுவார் போல்டுக் என்ற பிளம்பரை மணந்தார். இசைத்தட்டில்கூட ‘திருமதி எதுவார் போல்டுக்’ என்றுதான் போட்டார்கள். பெற்றதில் நான்கு பிள்ளைகள்தான் பிழைத்தார்கள். சமையல்காரியைப் பற்றிய பாட்டு பிரபலமானபோது அவருக்கு வயது 35. அப்புறம் 1930களின் பொருளாதாரப் பெருமந்தக் காலம். வேலையில்லாத் திண்டாட்டம், இன்ஷூரன்ஸ் ஏஜெண்டுகள், 1930இல் மாண்ட்ரியலுக்கு வந்த ஆர்-100 ஆகாயக் கப்பல் என்று ஊர் பேசியதையெல்லாம் பாடினார். பாட்டின் நடுவே, பிடில் புக வேண்டிய இடத்தில், நாக்கை அண்ணத்தில் தட்டித் தட்டிப் பொருளில்லாத அசைகளாகக் கொட்டுவார். துர்லூட் என்பார்கள். அதில் எங்கே மூச்சு வாங்குகிறார் என்று கண்டுபிடியுங்கள் பார்ப்போம்.

இவ்வளவையும் செய்த பெண்ணிடம் ‘ஏனம்மா அழவில்லை?’ என்கிறீர்கள். வேடிக்கைப் பாட்டு பாடிய எந்த ஆணிடமாவது இதைக் கேட்டிருக்கிறோமா? என் பெரியம்மா மகனைப் பறிகொடுத்த வாரமே, துக்கம் கேட்க வந்தவர்கள் காப்பிக்கு எப்படிக் காத்திருந்தார்கள் என்று நடித்துக் காட்டி எங்களைச் சிரிக்க வைத்தாள். கல்நெஞ்சக்காரி என்றார்கள். வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் அவள் எதற்கு அழுது காட்ட வேண்டும்? ‘சிரிப்புக்குள்ளே ஒரு கண்ணீர்’ என்று எழுதுகிறவர்கள் இன்னும் மோசம். சிரிப்பைச் சிரிப்பாக வாங்கிக்கொள்ளத் தெரியாதவர்கள்.

1937இல் கார் விபத்து, அதன் சிகிச்சையில் புற்றுநோய் தெரியவந்தது, 1939இல் மறுபடியும் ஒலிப்பதிவு, 1941இல் மரணம். இதையெல்லாம் படித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு பாட்டுக்கு வந்தால் இப்படித்தான் ஆகும். உங்களுக்கு இளகிய மனது, தெரிகிறது. சரி, அந்த இன்ஷூரன்ஸ் ஏஜெண்டுகள் பாட்டை ஒருமுறை கேளுங்கள். அப்போதும் சிரிப்பு வராவிட்டால் எழுதுங்கள், இன்னும் கொஞ்சம் திட்டுகிறேன்.