பெரிய கம்பெனி கிளையன்ட் வந்தால் என்னென்ன மாறும்? வேலூர்ப் பக்கத்து சாஃப்ட்வேர் நிறுவனங்களின் கேள்விகளும் பதில்களும்

சத்துவாச்சாரியிலிருந்து: சார், எட்டு பேர் சேர்ந்து கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் விக்கிறோம். ஆம்பூர் ஷூ ஏற்றுமதி கம்பெனி ஒண்ணு அவங்களுக்கு ஏத்தபடி மாத்திக் கேக்குது. தனி காப்பி எடுத்து மாத்திடலாமா?

பதில்: வேண்டாம். காப்பி எடுத்த அன்றே உங்கள் கையில் இரண்டு சாஃப்ட்வேர். ஜிஎஸ்டி விதி மாறினால் இரண்டிலும் திருத்தணும், இரண்டிலும் சோதிக்கணும். நாளாக நாளாக இரண்டும் விலகிப்போய், ஒன்றில் சரிசெய்த பிழையை மற்றதில் அப்படியே சேர்க்க முடியாது. கோட் ஒன்றாகவே இருக்கட்டும். சைஸ், கலர் வாரி ஸ்டாக் துணிக்கடைக்கும் பயன்படும். அதைப் பொது மாட்யூலில் சேர்த்து, செட்டிங்கில் ஆன்-ஆஃப் வையுங்கள். தோலுக்குச் சதுர அடிக் கணக்கு அவர்களுக்கு மட்டும்தான். அதற்குத் தனி ப்ளக்-இன் (பொது சாஃப்ட்வேரைத் தொடாமல் அதோடு இணைக்கும் பகுதி), அதன் தகவலுக்குத் தனி டேபிள். அதற்குத் தனி விலை, வருடாந்திரப் பராமரிப்புக் கட்டணமும் உண்டு என்று முதல் கொட்டேஷனிலேயே எழுதுங்கள். பிறகு கேட்டால் கிடைக்காது.

ராணிப்பேட்டையிலிருந்து: பேமெண்ட் 90 நாள்னு பெரிய கிளையன்ட் ஒருத்தர் பி.ஓ.வில் (பர்ச்சேஸ் ஆர்டர்) போட்டிருக்காங்க. ஒத்துக்கலாமா?

பதில்: 10 லட்சத்துக்கு பில் போட்டால் 18% ஜிஎஸ்டி 1.80 லட்சம். மாதாமாதம் ரிட்டர்ன் போடுபவர் அடுத்த மாதம் 20-ம் தேதிக்குள் கட்டியாகணும்; கிளையன்ட் பணம் வந்ததா என்று யாரும் கேட்கமாட்டார்கள். சம்பளமும் நிற்காது. லாபத்தில் ஓடும் கம்பெனி திணறுவது இங்கேதான்.

கையெழுத்துக்கு முன்பே உத்யம் பதிவை (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு) முடியுங்கள். 2006 எம்எஸ்எம்இ சட்டப்படி, குறு, சிறு நிறுவனத்துக்குப் பணம் தர 45 நாளுக்கு மேல் கெடு வைக்க முடியாது, ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு, மாதக் கூட்டு வட்டி. 2024 ஏப்ரல் முதல் இன்னொன்றும் உண்டு: கெடு தாண்டிய தொகையை, பணம் தந்த ஆண்டில்தான் அந்தக் கிளையன்ட் வருமான வரியில் செலவாகக் காட்ட முடியும். பர்ச்சேஸ் ஆளிடம் வாதாடாமல், இதை அவர்கள் ஃபைனான்ஸ் பிரிவுக்கு மெயிலில் எழுதுங்கள்.

'டெலிவரி செய்த 15 நாளுக்குள் எழுத்தில் குறை சொல்லாவிட்டால் ஏற்றதாகக் கருதப்படும்' என்ற வரியும் ஒப்பந்தத்தில் வேண்டும். அது இல்லாவிட்டால் 'இன்னும் டெஸ்டிங் முடியல' என்றே மாதங்கள் ஓடும்.

காட்பாடியிலிருந்து: அண்ணா, எங்க சாஃப்ட்வேர் பாதுகாப்பு பத்தி இருநூறு கேள்வியோட ஒரு செக்யூரிட்டி எக்செல் ஷீட்டை பெரிய கிளையன்ட் அனுப்பியிருக்காங்க. எல்லாத்துக்கும் 'யெஸ்' போட்டுடவா?

பதில்: கூடாதுப்பா. அந்த ஷீட்டையே ஒப்பந்தத்தோடு இணைப்பார்கள். நாளைக்கு ஆடிட்டில் ஆதாரம் கேட்பார்கள். இல்லாததற்கு 'இல்லை' போட்டு, எந்தத் தேதிக்குள் செய்வீர்கள் என்று பக்கத்தில் எழுது.

குடியாத்தத்திலிருந்து: நல்ல டெவலப்பர் ரெண்டு பேரும் நாள் முழுக்க அந்த ஒரு கிளையன்ட் போன்லயே இருக்காங்க. பழைய கடைக்காரங்க கோச்சுக்கிறாங்க.

பதில்: டெவலப்பர் நம்பர் கிளையன்ட்டிடம் இருக்கவே கூடாது. புகார்கள் டிக்கெட் (எண்ணோடு பதிவாகும் கோரிக்கை) வழியாக மட்டும் வரட்டும். வாரம் ஒருவர் முறை வைத்துப் பார்க்கட்டும். உற்பத்தி நின்றால் ஒரு மணி நேரத்தில் பதில், ரிப்போர்ட்டில் எழுத்துப்பிழை என்றால் அடுத்த ரிலீஸில். பதில் தரும் நேரத்துக்கு மட்டும் உறுதி கொடுங்கள். சரிசெய்யும் நேரத்துக்குக் கொடுத்தால் அபராதத்தில் மாட்டுவீர்கள். கடைக்காரர்களின் டிக்கெட்டுக்கு ஒரு டெவலப்பரை முழுசாக ஒதுக்குங்கள். பெரிய கிளையன்ட் எவ்வளவு அவசரம் என்றாலும் அவரை எடுக்காதீர்கள்.