விற்கும் எண்ணமே இல்லை, ஆனாலும் விற்கும் விலை: நியாய மதிப்பு பற்றிச் சில கேள்விகள்

பட்டியலிடப்பட்ட ஒரு நிறுவனத்தின் பங்குகள் எங்களிடம் ஏராளமாக உள்ளன. ஒரே நாளில் விற்றால் விலை சரியும். அதற்காகக் கணக்கில் நியாய மதிப்பை (இன்று சந்தையில் விற்றால் கிடைக்கும் விலையை) 10 சதவீதம் குறைத்துக் காட்டலாமா?

கூடாது. வர்த்தகம் ஒழுங்காக நடக்கும் பங்கு என்றால் விலையை எண்ணிக்கையால் பெருக்க வேண்டியதுதான். அன்றாட வர்த்தக அளவு உங்கள் கையிருப்பைத் தாங்காது என்றாலும் நியாய மதிப்புக்கான சர்வதேசக் கணக்கியல் தரநிலையான ஐஎஃப்ஆர்எஸ் 13 இதையே சொல்கிறது. புரோக்கர் கமிஷனையும் கழிக்கக் கூடாது. விற்பனைத் தடை இருந்தால் ஒன்றைப் பாருங்கள்: அந்தத் தடை பங்கோடு சேர்ந்து வாங்குபவரிடமும் போகுமா? போகும் என்றால் மதிப்பில் அதற்கு இடம் உண்டு. வங்கியில் நீங்கள் அடகு வைத்ததால் வந்த தடை உங்களோடு நின்றுவிடும். அதற்குக் கழிவு கிடையாது.

சந்தை விலை இல்லாத பாண்டு ஒன்றை முதிர்வு வரை வைத்திருப்போம். ஆனால் நியாய மதிப்பில் காட்ட வேண்டியிருக்கிறது. எப்படிக் கணக்கிடுவது?

எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள் என்பது இந்தக் கணக்கில் வராது. இன்று இதை வாங்குபவர் எவ்வளவு வருமானம் எதிர்பார்ப்பார் என்பதுதான் கேள்வி. முகமதிப்பு 100, ஆண்டு வட்டி 8, இன்னும் 3 ஆண்டுகள் என்று வைத்துக்கொள்வோம். அதே தவணையுள்ள அரசுப் பத்திரத்தின் வருவாய் 7 சதவீதம். இதே தரமதிப்பீடுள்ள நிறுவனங்களுக்குச் சந்தை கேட்கும் கூடுதல் 2 சதவீதம். ஆக 9. மூன்று ஆண்டு வரவுகளையும் 9 சதவீதத்தில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் 7.34, 6.73, 83.40, மொத்தம் 97.47. எளிதில் விற்க முடியாத பாண்டு என்பதால் இன்னும் 1 சதவீதம் சேர்த்தால் 95.03 ஆகிவிடும். அந்த ஒரு சதவீதத்துக்கு ஆதாரம் எங்கே என்றுதான் ஆடிட்டர் முதலில் கேட்பார்.

வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் இரண்டு. கடனாளி தவறக்கூடும் என்று வரவுகளைக் குறைத்துவிட்டு, அதே காரணத்துக்காக வட்டி வீதத்தையும் ஏற்றுவது. ஒரே அபாயத்துக்கு இரண்டு முறை அடி. மற்றது, சேர்ந்த வட்டி. வட்டித் தேதிகளுக்கு நடுவே கணக்கு முடித்தால், இப்படிக் கிடைக்கும் மதிப்புக்குள் அதுவரை சேர்ந்த வட்டியும் இருக்கும். வரவேண்டிய வட்டி என்று தனியாகவும் காட்டினால் சொத்து ஊதிவிடும்.

புரோக்கரிடம் விலை வாங்கிவிட்டோம். இது லெவல் 2 தானே?

லெவல் என்பது மதிப்புக்குப் பின்னால் உள்ள ஆதாரத்தின் படிநிலை: 1 என்றால் அதே சொத்தின் சந்தை விலை, 2 என்றால் சந்தையில் காணக் கிடைக்கும் பிற தகவல், 3 என்றால் காணக் கிடைக்காத ஊகம். காகிதத்தில் எழுதி வந்துவிட்டதால் லெவல் 2 ஆகாது. அந்த விலையில் அவர் வாங்கத் தயாரா, அல்லது சும்மா தோராயமா? எந்தப் பரிவர்த்தனையைப் பார்த்துச் சொன்னார்? மதிப்பைக் கணிசமாக அசைக்கும் உள்ளீடுகளில் மிகக் கீழ்நிலையில் இருப்பது எதுவோ, அதுதான் மொத்த மதிப்பின் நிலை. மேலே சொன்ன பாண்டில் அந்த 1 சதவீதம் சந்தையில் காணக் கிடைக்காத ஊகம். அதைச் சேர்த்து மதிப்பிட்டால் பாண்டு லெவல் 3-க்கு இறங்கும்.

பட்டியலிடப்படாத பங்குகளை வாங்கிய விலையிலேயே வைத்திருக்கிறோம். தொடரலாமா?

பெரும்பாலும் முடியாது. பழைய தரநிலையான ஐஏஎஸ் 39 கொடுத்த அந்தச் சலுகை, அதன் இடத்தில் வந்த ஐஎஃப்ஆர்எஸ் 9-ல் இல்லை. அண்மைத் தகவல் போதாதபோது, அல்லது மதிப்பீடுகள் மிகவும் விரிந்து கிடந்து அந்த வரம்புக்குள் வாங்கிய விலையே சிறந்த மதிப்பீடாகத் தெரியும்போது மட்டும் அது செல்லும். அந்த நிறுவனம் இலக்கைத் தவறவிட்டாலோ புதிய முதலீட்டுச் சுற்று நடந்தாலோ அந்த வாதம் நிற்காது. புதிய சுற்றின் விலையை அப்படியே எடுத்து ஒட்டுவதும் தப்பு. அந்தச் சுற்றில் வந்தவர்கள் வாங்கியது, நிறுவனத்தைக் கலைக்கும்போது பணம் பெறுவதில் முன்னுரிமை உள்ள பங்குகளாக இருக்கலாம். உங்களுடையவை சாதாரணப் பங்குகள். இரண்டுக்கும் ஒரே விலை போட்டால் உங்கள் மதிப்பு கூடுதலாகத் தெரியும்.

ஊழியருக்கு வட்டியில்லாக் கடன் 1,00,000; மூன்று ஆண்டு கழித்து ஒரே தவணையில் திரும்ப வரும். முழுத் தொகையையும் எழுதலாமா?

முடியாது. சந்தை வட்டி 10 சதவீதம் என்றால் தொடக்க மதிப்பு 75,131. மீதி 24,869 ஊழியர் நலச் செலவு. இதே கடனைத் துணை நிறுவனத்துக்குக் கொடுத்தால், தாய் நிறுவனத்தின் தனிக் கணக்கில் அந்த மீதி வழக்கமாக முதலீட்டோடு சேரும்.

எங்கள் தரமதிப்பீடு சரிந்தது. ஸ்வாப் (வட்டி போன்ற வரவு செலவுகளை இருவர் மாற்றிக்கொள்ளும் ஒப்பந்தம்) கடன்பாட்டின் மதிப்பு குறைந்து லாபம் வருகிறதே?

விசித்திரம்தான், ஆனால் சரி. கடன்பாட்டை மதிப்பிடும்போது உங்கள் சொந்தக் கடன் அபாயமும் (நீங்கள் கட்டத் தவறும் வாய்ப்பும்) உள்ளே வர வேண்டும். ஸ்வாப்பில் அது லாப நட்டக் கணக்குக்கே போகும். விரும்பி நியாய மதிப்பில் வைத்த கடன் என்றால் அந்தப் பகுதி பொதுவாக இதர விரிவான வருமானத்தில் (லாப நட்டத்துக்கு வெளியே காட்டும் பகுதியில்) நிற்கும். பிறகு லாபத்துக்குத் திரும்பாது.