இதயம் நிறைய ரத்தம் இருந்தும் அதற்கே ரத்தம் போதாமல் போவது எப்படி?

கேள்வி இப்படி வந்திருக்கிறது: "உடம்பின் மொத்த ரத்தமும் இதயத்துக்குள் போய்த்தான் வெளியே வருகிறது. அப்படியிருக்க, இதயத்துக்கு ரத்தம் போதவில்லை, அதனால் மாரடைப்பு என்று டாக்டர்கள் சொல்வது எப்படி?"

நான் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இதய நோய் வார்டில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வர்த்திலிருந்தும் ஃபீனிக்ஸிலிருந்தும் வரும் நம் ஆட்கள் ஆஞ்சியோ (இதயக் குழாய்களைப் படம் எடுக்கும் பரிசோதனை) முடிந்து படுத்திருக்கும்போது கிட்டத்தட்ட இதையேதான் கேட்பார்கள், சில பேர் கொஞ்சம் கோபமாகவே கேட்பார்கள். அங்கே ஆங்கிலத்தில் சொல்வதை இங்கே தமிழில் எழுதுகிறேன்.

நேரடியான பதில்: இதயம் தன் அறைகளுக்குள் இருக்கும் ரத்தத்தை எடுத்துக்கொள்வதில்லை, எடுத்துக்கொள்ளவும் முடியாது. அதன் தசைக்கென்று தனிக் குழாய்கள் இருக்கின்றன, அவை இதயத்தின் வெளிப்பக்கமாக ஓடுகின்றன. அந்தக் குழாய் அடைத்தால், உள்ளே எத்தனை ரத்தம் ஓடினாலும் அந்தப் பகுதித் தசைக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

ஏன் அப்படி என்பதுதான் பெரிய விஷயம். முதலில் சுற்றுப்பாதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். உடம்பெல்லாம் சுற்றி ஆக்சிஜன் குறைந்து வரும் ரத்தம் வலது மேலறைக்கு வரும், அங்கிருந்து வலது கீழறை, அங்கிருந்து நுரையீரல். நுரையீரலில் ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டு இடது மேலறை, இடது கீழறை, அப்புறம் மகாதமனி வழியாக உடம்பு முழுக்க. நான்கு வால்வுகள் ரத்தம் பின்னால் திரும்பாமல் பார்த்துக்கொள்கின்றன, ஸ்டெதஸ்கோப்பில் கேட்கும் லப் டப் அவை மூடும்போது எழும் சத்தம். ஒரு துடிப்பில் சுமார் 70 மில்லி, நிமிடத்துக்கு 70 துடிப்பு, ஆக ஏறத்தாழ 5 லிட்டர். வலது பக்கம் பக்கத்திலிருக்கும் நுரையீரல் வரை தள்ளினால் போதும் என்பதால் அங்கே அழுத்தம் 25 மில்லிமீட்டர் (பாதரச அளவு, ரத்த அழுத்தம் பார்க்கும் அதே அளவு) வாக்கில்தான் எழும்பும். இடது பக்கம் 120 வரை எழுப்பியாக வேண்டும். அதனால்தான் இடது கீழறையின் சுவர் வலதைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு தடிமனாக, ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு, இருக்கிறது. இந்தத் தடிமனை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரத்தத்திலிருந்து ஆக்சிஜன் தானாகப் பரவிப் போகக்கூடிய தூரம் ரொம்பக் குறைவு, ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்குதான். இதய அறைக்குள் ரத்தம் நிறைந்திருந்தாலும் சுவரின் உள்ளோரத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய படலத்துக்கு மட்டுமே அதிலிருந்து ஏதாவது கிடைக்கும். மீதிச் சுவர் பட்டினிதான். தவளைக்கு இந்தப் பிரச்சினை கிடையாது. அதன் கீழறைச் சுவர் முழுக்கத் துளையும் இடுக்குமாக இருப்பதால் உள்ளே வரும் ரத்தம் தசை இழைகளுக்கு நடுவிலேயே புகுந்து போகிறது, தனிக் குழாய் அதற்குத் தேவைப்படவில்லை. நம் இதயம் அத்தனை அழுத்தத்தை எழுப்ப வேண்டியிருப்பதால் இறுக்கமான கெட்டிச் சதையாக இருக்கிறது, கெட்டிச் சதைக்குக் குழாய் இல்லாமல் வழியில்லை.

அந்தக் குழாய்களுக்குத்தான் கரோனரி தமனிகள் என்று பெயர். மகாதமனி இதயத்தைவிட்டுக் கிளம்பும் இடத்தில், வால்வுக்குச் சற்று மேலே, இரண்டு சின்ன வாய்கள் இருக்கின்றன. ஒன்று வலது கரோனரி, இன்னொன்று இடது கரோனரி, இடதுக்காரர் கொஞ்ச தூரத்திலேயே இரண்டாகப் பிரிந்து ஒரு கிளை இதயத்தின் முன்பக்கமாக இறங்கும், மற்றொன்று பக்கவாட்டில் சுற்றிப் பின்னால் போகும். அதாவது இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தில் முதல் பங்கு அதற்கே திரும்பி வருகிறது. ஓய்வாக இருக்கும்போது அந்தப் பங்கு சுமார் 5 சதவீதம், நிமிடத்துக்குக் கால் லிட்டர். அந்தக் கிளைகள் பிரிந்து பிரிந்து கடைசியில் கிட்டத்தட்ட ஒவ்வொரு தசை நாருக்கும் ஒரு நுண்குழாய் என்ற அளவுக்கு உள்ளே போய்விடுகின்றன.

இனி நான் வார்டில் எல்லாரிடமும் விடாமல் சொல்லும் விஷயத்துக்கு வருகிறேன். உடம்பில் மற்ற உறுப்புகளுக்கெல்லாம் ரத்தம் அதிகமாகப் பாய்வது இதயம் சுருங்கும்போது. இதயத்தின் இடது பக்கத் தசைக்கு மட்டும் அது சுருங்கி முடித்துத் தளரும்போதுதான் ரத்தம் ஒழுங்காகப் போகும். சுருங்கும் நேரத்தில் அந்தத் தசை தனக்குள் ஓடும் குழாய்களைத் தானே நசுக்கிவிடுகிறது, உள்ளோரத்துத் தசையில் அந்த நசுக்கல் இன்னும் அதிகம். தளர்ந்ததும் நசுக்கல் விலகும், விரிந்திருந்த மகாதமனி பழையபடி சுருங்கி வந்து ரத்தத்தை அந்த இரண்டு வாய்களுக்குள்ளும் தள்ளும். கோயில் அன்னதானத்தில் சோறு பரிமாறுகிறவரைப் பாருங்கள், அண்டா நிறையச் சோறு பக்கத்திலேயே இருக்கும், ஆனால் கரண்டியைக் கீழே வைத்தால்தான் அவர் ஒரு வாய் சாப்பிட முடியும். இதயத்துக்கும் அதே நிலைதான். (வலது கீழறை மெல்லிசு, அழுத்தமும் குறைவு, அதற்கு இரண்டு நேரமும் ரத்தம் வந்துவிடும்.)

இதிலிருந்து ஒன்று தெரிகிறது இல்லையா? இதயம் வேகமாகத் துடிக்கத் துடிக்க அது சாப்பிடும் நேரம் குறைகிறது. நிமிடத்துக்கு 70, 75 துடிப்பு இருக்கும்போது ஒரு சுற்றுக்கு 0.8 வினாடி, அதில் சுருங்குவதற்கு 0.3 போக மீதி 0.5 வினாடி தளர்வு. துடிப்பு 180 ஆனால் ஒரு சுற்றே 0.33 வினாடிதான், அதில் குறைவது பெரும்பாலும் தளர்வு நேரம். வேலை அதிகமாகும் அதே சமயத்தில் சாப்பாட்டு நேரம் சுருங்குகிறது. ஆரோக்கியமான குழாய்கள் விரிந்துகொடுத்து ஓட்டத்தை நான்கைந்து மடங்கு வரை கூட்டி இதைச் சமாளித்துவிடும். கொழுப்பு படிந்து இறுகிய குழாய் விரியாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. மற்ற உறுப்புகள் ஓய்வில் ரத்தத்திலிருக்கும் ஆக்சிஜனில் கால் பங்கைத்தான் எடுத்துக்கொள்ளும், அவசரத்துக்கு இன்னும் எடுக்க இடம் இருக்கும். இதயத் தசையோ சும்மா உட்கார்ந்திருக்கும்போதே 70 சதவீதத்துக்கு மேல் எடுத்துவிடுகிறது. கூடுதலாக உறிஞ்ச ஏதும் மிச்சம் இல்லை, ரத்தம் கூடுதலாக வந்தால்தான் உண்டு. மாடிப்படி ஏறும்போது நெஞ்சை இறுக்குகிறது, நின்றால் சரியாகிவிடுகிறது என்று சொல்கிறார்களே, அந்த வலியின் காரணம் முழுக்க இவ்வளவுதான்.

அட்டெனலால், பிசோப்ரோலால் போன்ற மாத்திரைகளை டாக்டர் எதற்குத் தருகிறார் என்பதும் இப்போது விளங்கும். அவை துடிப்பின் வேகத்தைக் குறைக்கின்றன, அதனால் வேலை குறைகிறது, தளர்வு நேரம் கூடுகிறது. டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் நடுவே கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர் ஓடும் காம்ரேட்ஸ் மாரத்தானுக்குப் பயிற்சி எடுக்கிறவர்களில் பலருக்கு ஓய்வில் நாடி 50, சிலருக்கு அதற்கும் கீழே. அவர்களுடைய இதயம் ஒரு துடிப்பில் அதிக ரத்தத்தை அனுப்புவதால் அடிக்கடி துடிக்க வேண்டியதில்லை.

சரி, மாரடைப்புக்கு வருவோம். குழாய்ச் சுவருக்குள் வருஷக்கணக்கில் கொழுப்பு சேர்கிறது, அதன் மேல் ஒரு மூடி உருவாகிறது. அந்த மூடி கிழிந்தால், உடம்பு அதை ஒரு காயம் என்று நினைத்து ரத்தத்தை உறைய வைக்கிறது. கையில் வெட்டுப்பட்டால் உயிரைக் காப்பாற்றும் அதே உறைதல் இங்கே சில நிமிடங்களில் குழாயை மூடிவிடும். பல பேருக்குக் கிழிவது பெரிய அடைப்பு இல்லை, பாதி அளவுகூட மறைக்காத சின்னப் படிவு. அதனால்தான் நேற்று வரை நன்றாக நடந்தவர் இன்று விழுகிறார். ரத்தம் நின்ற பகுதியில் இருபது முப்பது நிமிடத்துக்கு மேல் போனால் தசை சாகத் தொடங்கும், அதுவும் உள்ளோரத்திலிருந்து வெளிப்பக்கமாக. ஆம், முன்பு சொன்ன அந்த மெல்லிய படலம் போக, அறைக்குள் இருக்கும் ரத்தத்துக்கு மிகப் பக்கத்தில் இருக்கும் தசைதான் முதலில் சாகிறது. கேட்டவர் இந்த ஒரு விஷயத்தைத் திரும்ப ஒரு தடவை படித்தால் தன் கேள்விக்கான பதில் அதிலேயே கிடைத்துவிடும்.

கரோனரிகள் மகாதமனியின் அடியிலிருந்துதான் கிளம்புகின்றன என்பதற்கு இங்கே தென்னாப்பிரிக்காவிலேயே நடந்த ஒரு சாட்சி இருக்கிறது. 1967 டிசம்பர் 3 அன்று கேப் டவுன் க்ரூட் ஸ்கூர் மருத்துவமனையில் கிறிஸ்டியான் பர்னார்ட் குழுவினர் லூயிஸ் வாஷ்கான்ஸ்கிக்கு டெனிஸ் டார்வால் என்ற இளம்பெண்ணின் இதயத்தைப் பொருத்தினார்கள், மனிதருக்கு மனித இதயம் பொருத்தியது உலகத்திலேயே அதுதான் முதல் தடவை. வாஷ்கான்ஸ்கி 18 நாள் இருந்து நிமோனியாவில் இறந்தார். இத்தனை நுணுக்கமான கரோனரி குழாய்களை எப்படித் தைத்தார்கள் என்று பல பேர் கேட்பதுண்டு. தைக்கவே இல்லை. கொடையாளியின் இதயத்தை எடுக்கும்போது மகாதமனியின் அடிப்பகுதியையும் சேர்த்துத்தான் வெட்டி எடுக்கிறார்கள், கரோனரியின் இரண்டு வாய்களும் அதில்தான் இருக்கின்றன. மகாதமனியைத் தைத்தால் போதும், கரோனரிகள் கூடவே வந்துவிடும்.

அதே குழு அடுத்து இதயம் பொருத்தியது 1968 ஜனவரி 2 அன்று, ஃபிலிப் பிளைபர்க் என்பவருக்கு. அவருக்கு இதயம் கொடுத்தவர் கிளைவ் ஹாப்ட், அன்றைய நிறவெறிச் சட்டம் கலப்பினத்தவர் என்று முத்திரை குத்திய ஓர் இளைஞர். கடற்கரையிலும் பேருந்திலும் பக்கத்தில் உட்கார அனுமதிக்காத நாட்டில் அவருடைய இதயம் ஒரு வெள்ளைக்காரரின் நெஞ்சில் 19 மாதம் துடித்தது. எங்கள் அப்பா தலைமுறைக்கு இது எத்தனை பெரிய செய்தியாக இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பேன். பிளைபர்க் இறந்த பிறகு பிரேதப் பரிசோதனையில் பார்த்தால், அந்த இளம் இதயத்தின் கரோனரிகள் அத்தனை குறுகிய காலத்தில் கடுமையாக அடைத்துப் போயிருந்தன. வந்த இதயத்தை உடம்பு எதிர்ப்பது அந்தக் குழாய்களின் உள்சுவரைத்தான் தாக்குகிறது என்பதை மருத்துவர்கள் அப்படித்தான் தெரிந்துகொண்டார்கள், இன்றைக்கும் மாற்று இதயம் பொருத்தியவர்களுக்கு வருஷம் போகப் போக வரும் பெரிய ஆபத்துகளில் ஒன்று அதுவே. நரம்புகள் வெட்டப்பட்டிருப்பதால் அவர்களில் பெரும்பாலோருக்கு நெஞ்சு வலியே தெரியாது. வலி வரவில்லை என்பதை நம்பி இருக்க முடியாததால் டாக்டர்கள் அவர்களுக்கு விடாமல் பரிசோதனை செய்கிறார்கள்.

வலி தெரியாமல் போவது மாற்று இதயக்காரர்களுக்கு மட்டும் இல்லை. நெடுநாள் சர்க்கரை நோய் நரம்புகளைக் கெடுத்துவிடும், நம் இந்திய வம்சாவளியில் சர்க்கரையும் கரோனரி அடைப்பும் எவ்வளவு அதிகம் என்று எங்கள் வார்டுக்கு ஒரு நாள் வந்து படுக்கைகளில் எழுதியிருக்கும் பெயர்களைப் படித்தாலே தெரியும். சர்க்கரை உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாயும் வலி வராமல் போகலாம். மூச்சு வாங்குவது, குளிர்ந்த வியர்வை, குமட்டல், தாடையிலோ முதுகிலோ ஒரு கனம், காரணமில்லாத களைப்பு, இவ்வளவுதான் இருக்கும். "வாய்வு, இஞ்சி டீ போட்டுக் கொடு" என்று வீட்டில் ஓட்டிய மணிநேரங்களில் செத்த தசை திரும்பி வருவதில்லை, அந்த இடத்தில் தழும்புதான் மிஞ்சும்.

காவடி எடுக்கிறவர்களுக்காக ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். தைப்பூசம் இங்கே கொளுத்தும் கோடையில் வருகிறது. விரதம் என்று மாத்திரையையும் நிறுத்திவிடும் அண்ணன்மார், மாமாமார் உண்டு. துடிப்பைக் குறைக்கும் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் இதயம் முன்பைவிட வேகமாகத் துடிக்கும், வெயிலும் வியர்வையும் தண்ணீர் குறைவும் அதை இன்னும் விரட்டும், அடைப்புள்ள குழாய்க்கு அதைவிட மோசமான வேளை கிடையாது. முருகனுக்கு வைக்கும் விரதத்தில் மாத்திரை சேராது. காவடி எடுப்பதற்கு முன்னால் டாக்டரிடம் சொல்லிவிட்டு, எந்த மாத்திரையை எந்த நேரத்தில் போடுவது என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்டென்ட் (அடைத்த குழாயைத் திறந்து வைக்க உள்ளே பொருத்தும் வலைக்குழாய்) வைத்திருந்தால் ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரைக்கும் இதே பேச்சுதான், டாக்டர் சொல்லாமல் ஒரு வேளைகூட விட வேண்டாம்.

சந்தேகம் வந்தால் நீங்களே கார் ஓட்டிக்கொண்டு வராதீர்கள். தென்னாப்பிரிக்காவில் அரசு ஆம்புலன்சுக்கு 10177, செல்போனிலிருந்து 112. இசிஜி எடுக்கச் சில நிமிடம்தான் ஆகும், ஒன்றும் இல்லை என்று வீட்டுக்கு அனுப்பினால் எங்களில் ஒருவருக்கும் அதில் வருத்தம் கிடையாது. கேட்டவருக்கு வேறு ஏதாவது புரியவில்லை என்றால் கீழே எழுதுங்கள், ஷிஃப்ட் முடிந்து வந்து பதில் போடுகிறேன்.